கில்ஹூலியின் வாத்தும் ஃபின்டன் ஜெராட்டியும்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய கேனிங் பாதிரியார் அவர்களே! எங்கள் டிரம்கேரா இசைச் சங்கத்தின் தலைவி திருமதி ஃபிலோமினா டார்சி அவர்களே! மடியில் பிடிலை வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் லூக் கில்ஹூலி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் அம்மையார் அட்ராக்டா ஜெராட்டி அவர்களே! நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காராமல் கதவோரமாகவே நிற்கும் ஆண்மக்களே! சாண்ட்விச் மூடியிருக்கும் துணியை இப்போதே தூக்கிப் பார்க்கும் அன்பர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த டெஸ் நூனின் வணக்கம்.

நம் ஃபின்டன் ஜெராட்டி மறைந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. காலையில் மாதப் பூசையில் பாதிரியார் அவரை 'அமைதியான மனிதர்' என்றார். ஐயா, மன்னிக்க வேண்டும். நான் அவரோடு ஒரே வேனில் லீட்ரிம் மாவட்டம் முழுக்கச் சுற்றியவன். அவர் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. அவர் வாசித்த பேஸ்தான் அமைதியானது. ஆளைவிட உயரமாக நிற்கும் அந்த வாத்தியம், ஆளுக்குப் பின்னால் நின்று முனகும். அதற்கு அவர் என்ன செய்வார்?

பேஸ் வாசிக்கிறவரை யார் பார்க்கிறார்கள்? எங்கள் 'வெள்ளிக் கொக்கு' நடன இசைக் குழுவில் பாடகரைப் பார்த்தார்கள்! சாக்ஸபோன்காரரைப் பார்த்தார்கள்! டிரம் அடித்த என்னைக்கூட, வேறு வழியில்லாமல், பார்த்தார்கள்! ஃபின்டனை யாரும் பார்த்ததில்லை. ஒரு முறை காய்ச்சலில் படுத்துவிட்டார், அவர் இல்லாமலே வாசித்தோம். அன்றைக்கு ஆட வந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஷூவில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். சிலர் கழற்றித் தட்டிக்கூடப் பார்த்தார்கள். என்ன குறை என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் ஒருவராலும் ஆட முடியவில்லை. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

அவர் வாசிப்பவர் மட்டுமா? இசையமைப்பாளர்! டப்ளினில் ஒரு நாடக அரங்கின் மேடைக்குக் கீழே, குழிக்குள் நின்று வருடக்கணக்கில் வாசித்தார். எத்தனையோ நாடகத்துக்கு இசையும் போட்டார். குழியிலிருந்து மேடை தெரியாது என்பதால் எந்த நாடகத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து நம் கோயிலுக்குப் பூசைப் பாட்டு எழுதினார். பால் சொசைட்டியின் வெள்ளிவிழாவுக்குப் பெரிய பாடகர் குழுவை வைத்து ஒன்று எழுதினார். அதில் வெண்ணெய் கடையும் இயந்திரத்துக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்தார். இயந்திரம் மட்டும்தான் அன்று தாளம் தப்பாமல் வாசித்தது என்று, பாடகர் குழுவை நடத்திய திருமதி டார்சியிடமே சொன்னார். நம் கால்பந்து அணி வெற்றி அணிவகுப்புக்கு இசை கேட்டபோது, வேகமாக வாசித்தால் வெற்றிக்கும் மெதுவாக வாசித்தால் துக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். அதை நாம் இன்றுவரை வேகமாக வாசித்ததில்லை.

ஆனால் நண்பர்களே, உலகம் முழுக்கப் போன அவருடைய பாட்டு ஒன்று உண்டு. நீங்கள் எல்லோரும் அதற்கு ஆடியிருக்கிறீர்கள். பாஸ்டனில் வாசிக்கிறார்கள்! சிட்னியில் வாசிக்கிறார்கள்! அது ஃபின்டன் போட்ட பாட்டு என்று இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? லூக், முறைக்க வேண்டாம். சொல்லத்தான் போகிறேன்.

லாங்ஃபோர்டுக்கு நடனத்துக்குப் போகிற வழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் நின்றுவிட்டது. மழை. அதற்கு முந்தைய வாரம்தான் அட்ராக்டாவிடம் அவர் தன் மனதைச் சொல்லியிருந்தார். அம்மையார், "பேண்டுக்காரனா? ஐயோ, மாட்டேன் சாமி!" என்று சொல்லியிருந்தார். நாங்கள் வேனைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், இவர் வேலியோரம் பேஸை நிறுத்தி வாசிக்கிறார்! நான் குடை பிடித்தேன். "டேய் டெஸ், எனக்கு இல்லடா, அதுக்குப் பிடி" என்றார். நான் பேஸுக்குப் பிடித்தேன், அவர் நனைந்தார். அந்தப் பாட்டு அப்படித்தான் பிறந்தது. அதற்கு 'அட்ராக்டா' என்று பெயர் வைத்தார்.

அடுத்த வாரம் அதை மேடையில் வாசித்தோம். பாட்டின் நடுவே அட்ராக்டா நேராக மேடைக்கு வந்து நின்றார்.

"இது என்ன பாட்டு?"

"உன் பேருதான்."

"அதென்ன, கடைசியில பாதாளத்துக்குப் போகுது?"

"நீ மாட்டேன்னு சொன்னப்போ என் மனசு போன இடம் அது."

அதன் பிறகும் ஒரு பெண் மாட்டேன் என்பாளா? அந்தக் கோடையிலேயே கல்யாணம் நடந்தது.

பாட்டுக்குக் கால் முளைத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. சில வருடம் கழித்து நானும் ஃபின்டனும் மலைப்பக்கம் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தோம். மூலையில் நாலைந்து பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் லூக் கில்ஹூலி. பேஸைக் கண்டதும் எல்லோர் முகமும் மாறியது. கடன்காரன் வந்தால்கூட இந்த நாட்டில் இப்படி முகம் சுளிக்க மாட்டார்கள்.

"தம்பி, அந்த அலமாரியை எங்க வைக்கப் போற?" என்றார் லூக்.

"உங்க பக்கத்துலதான் பெரியவரே" என்று போய் நின்றார் ஃபின்டன். அவர்கள் வாசித்தது அவருடைய பாட்டு! அவரும் சேர்ந்துகொண்டார். கடைசி இடம் வந்தது. இவர் சுரத்தில் கீழே இறங்கினார், மற்ற எல்லோரும் மேலே தாவினார்கள். லூக் வில்லைக் கீழே வைத்தார்.

"தப்பா வாசிக்கிறியே தம்பி! அங்க எறங்கக் கூடாது, தாவணும். வாத்து வேலி தாண்டுற இடம் அது."

"எந்த வாத்து?"

"கில்ஹூலி வாத்து! இது எங்க கொள்ளுத்தாத்தா போட்ட பாட்டு. வாத்து ஓடிப்போன துக்கத்துல போட்டாரு. கத்துக்கிட்டு வாசிப்பா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் தாவினார்கள் தெரியுமா? பிடிலில் அவ்வளவு கீழே சுரமே கிடையாது! கீழே போக வழியில்லாமல் மேலே போனார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பேராசிரியர் வந்து, 'லீட்ரிம் தாவல்' என்று பெயர் வைத்து, நம் முன்னோர் சதுப்பு நிலத்தில் குதித்துக் குதித்து நடந்த நடை அது என்று தடிமனாக ஒரு புத்தகமே எழுதினார்.

வீட்டில் அட்ராக்டா சிரிக்கவில்லை. "எனக்காகப் போட்ட பாட்டு. உலகம் பூரா அதை வாத்துங்குது. நீங்க வேடிக்கை பாக்குறீங்க!"

கடைசியில் வானொலிக்காரர்கள் வந்தார்கள். பாட்டு யாருடையது என்று லூக்கையும் ஃபின்டனையும் உட்கார வைத்துக் கேட்கப் போகிறார்கள், இதே மண்டபத்தில்! அட்ராக்டா ஃபின்டனுக்குக் கல்யாணத்து டையைக் கட்டிவிட்டார். "இன்னைக்கு வாத்தா நானான்னு முடிவு தெரிஞ்சிட்டு வாங்க" என்றார்.

எங்களிடம் ஆதாரம் இருந்தது. 'பாட்டு இறங்கிப் போகிற இடத்தில் நீங்கள் தாவுவது, பிடிலில் அந்தச் சுரம் இல்லாததால்தானே?' என்று ஒரே கேள்வி. லூக்கின் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கேள்வியை வேனில் வரும்போதே நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். முதலில் லூக் வாசித்தார். அந்த இடம் வந்தது. தாவினார். நான் ஃபின்டனைப் பார்த்தேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வானொலிக்காரர் கேட்டார், "திரு ஜெராட்டி, இது உங்கள் பாட்டா?"

"இல்ல சார். பெரியவரோடதுதான்."

வெளியே வந்ததும் நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. "உனக்குப் பைத்தியமா?" என்றேன். அவர் சொன்னார்: "டேய், அந்தத் தாவல் நல்லா இருக்குடா. நான் போட்டதைவிட நல்லா இருக்கு. அது எனக்குத் தோணலையே! எனக்குத் தோணாத ஒண்ணை என்னோடதுன்னு எப்படிடா சொல்லுவேன்?"

தன் பாட்டைத் திருத்தியவனுக்கே அதைத் தூக்கிக் கொடுத்த இசையமைப்பாளர் எங்கேயாவது உண்டா? இங்கே இருந்தார்! நம் டிரம்கேராவில் இருந்தார்!

ஆனால் அதை வீட்டில் சொல்ல வேண்டுமே! அந்தத் தவக்காலம் முழுக்க அம்மையார் அவரோடு பேசவில்லை. எல்லாம் நாய் வழியாகத்தான். "புருனோ, அந்தாள்கிட்ட சொல்லு, டீ ஆறுது." அவரும் நாயிடமே நன்றி சொன்னார். ஈஸ்டருக்குப் பேச்சு திரும்பியது. ஆனால் பாட்டுப் பேச்சு திரும்பவில்லை. அந்த ஒரு மனக்குறை ஃபின்டனுக்குக் கடைசிவரை இருந்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம், "அவ பேரைத் தொலைச்சிட்டேன்டா டெஸ்" என்றார். நான் வேடிக்கையாக ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் கல்லறையில் என்ன நடந்தது? எல்லோரும் பார்த்தீர்கள், ஏன் என்று எத்தனை பேருக்குப் புரிந்தது? லூக் பிடிலை எடுத்தார். சுரம் கீழே இறங்க வேண்டும் என்று கடைசித் தந்தியின் முறுக்கைத் தளர்த்தினார். தளர்த்திக்கொண்டே போனார், அது துணி காயப்போடும் கயிறு மாதிரித் தொங்குகிறவரை. பிறகு வாசித்தார். அந்த இடம் வந்தது. தாவவில்லை! கீழே போனார்! என்ன சத்தம் அது! மாடு கன்று போடுகிற சத்தம்! பாதிரியார் திரும்பிப் பார்த்தார். சங்கத் தலைவி கண்ணை மூடிக்கொண்டார். சவப்பெட்டி தூக்கியவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றதை நான் பார்த்தேன். அட்ராக்டா மட்டும் சத்தமாகச் சொன்னார்: "கிழவன் இன்னைக்குத்தான் சரியா வாசிக்கிறான்!"

நான் லூக்கிடம் கேட்டேன், "எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அந்த வானொலி அன்னைக்கே. நான் தாவினப்போ அவன் மொகத்தைப் பார்த்தேன், அது பெத்தவன் மொகம். எங்க கொள்ளுத்தாத்தா வளர்த்தது பன்னிப்பா. வாத்தே கிடையாது. பாட்டு காதுல விழுந்தப்போ எங்கப்பா கட்டின கதையைத்தான் நானும் சொன்னேன். மறுக்கலாம்னு வாயெடுத்தேன். ஆனா ஒருத்தன் தன் பிள்ளையைத் தூக்கி மடியில வெச்சிட்டுப் போறான். வேணாம்னு கீழ போடவா முடியும்?"

நேற்றுச் சாயங்காலம் நானும் லூக்கும் அட்ராக்டாவின் சமையலறைக்குப் போனோம். இனி இந்தப் பாட்டை எப்படி வாசிப்பது, தாவுவதா இறங்குவதா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டோம். அம்மையார் கெட்டிலை அடுப்பில் வைத்தார். மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தார். அப்புறம் சொன்னார்:

"ஒவ்வொரு அடியையும் ரெண்டு தடவைதானே வாசிப்பீங்க? மொத தடவை கீழ போங்க. நான் மாட்டேன்னு சொன்னது அது. ரெண்டாவது தடவை தாவுங்க. சரின்னு சொன்னேன்ல, அன்னைக்கு அந்த மனுஷன் மேடையிலேருந்து குதிச்சாரு. முட்டி பேந்து போச்சு. அதை அவரே பாட்டுல போட மறந்துட்டாரு, அவ்வளவுதான்."

லூக் பிடில் பெட்டியைத் திறக்கிறமாதிரி குனிந்துகொண்டார். பெட்டியே அவர் கொண்டுவரவில்லை.

அன்பர்களே! பெரியோர்களே! கதவோரத்து ஆண்மக்களே! மறைந்த இசைமேதை ஃபின்டன் ஜெராட்டியின் பெயரால் உறுதி கொள்வோம். இன்று முதல் இந்தப் பாட்டின் பெயர் 'அட்ராக்டா'. நம் ஊரில் எந்த மூலையில் யார் உட்கார்ந்து வாசித்தாலும், பேஸ் வந்தால் முகம் சுளிக்காமல் இடம் விடுவோம். முதல் தடவை கீழே போவோம், எவ்வளவு அசிங்கமாகக் கேட்டாலும் போவோம். இரண்டாவது தடவை தாவுவோம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். லூக், தந்தியைத் தளர்த்துங்கள். அட்ராக்டா அம்மா, நீங்கள் சொன்னதும் ஆரம்பிக்கிறோம்.