விரல் மெஷின் சொன்ன புளுகு

ஆமாம்மா, அந்த மெஷின்தான் புளுகுது. சந்தேகமே வேணாம். வண்டிய வேகமா விடுறேன், நேரா கிளினிக்குப் போய் அந்தச் சீட்ட டாக்டர் மேசையில போட்டு ரெண்டுல ஒண்ணு கேட்டுடுங்க.

பின்ன என்னம்மா! சாருக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு, ஆறு மாசமா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு கேரட்டு, கீரை, பூசணின்னு டப்பா கட்டுறீங்க. நான்தானே வாங்கி வண்டியில வைக்கிறேன்? சாயங்காலம் காலி டப்பாவ நான்தானே திருப்பிக் குடுக்கிறேன்? காய்கறி சாப்பிட்டா அதோட மஞ்சள் சத்து தோல்ல படியுமாம், விரல்ல வெளிச்சம் அடிச்சா எவ்வளவுன்னு தெரிஞ்சிடுமாம். சாருக்கு வெறும் நூத்திப்பதினெட்டு! அநியாயம்மா.

ஏசியில உக்காந்து கை சில்லிட்டுப் போயிருக்கும். இல்லைன்னா விரல சரியா அமுக்கியிருக்க மாட்டாரு.

மூணு தடவை வச்சாங்களா? மூணும் ஒண்ணு போலவா வந்துச்சு? அதனால என்னம்மா, தேர்ந்த புளுகன் மாத்தி மாத்தியா பேசுவான்? ஒரே பொய்யத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவான்.

என்னோடதா? என்னோடது எதுக்கும்மா இப்ப... வெளியில சும்மா உக்காந்திருந்தேன். மெஷின் பாத்துக்கிற பொண்ணு, அண்ணா நீங்களும் விரல வைங்கன்னுச்சு. வச்சேன். நானூத்தி அறுபது.

சிரிக்காதீங்கம்மா. ஆமா, டீயும் பன்னுமா காலத்த ஓட்டுற ஒண்டிக்கட்டைதான் நான். இதுவரைக்கும் வந்தவங்கள்லயே எனக்குத்தான் அதிகம்னு அந்தப் பொண்ணு கைதட்டுது! மெஷின் லட்சணத்துக்கு இது ஒண்ணு போதாதா?

உள்ளங்கை மஞ்சளா இருக்கா? அது ஸ்டியரிங் உறையோட சாயம்மா. அந்தப் பொண்ணும் அப்படித்தான் நினைச்சு, ஸ்பிரிட் போட்டுத் தேச்சுத் துடைச்சிட்டு மறுபடி வச்சுச்சு. நானூத்தி அறுபத்திரண்டு. பிடிவாதம் பிடிச்ச மெஷின்!

என்னது, அந்தப் பொண்ண வேலைய விட்டுத் தூக்கச் சொல்லப் போறீங்களா? ஐயோ, வேணாம்மா. மெஷினத் திட்டுங்க, அதுக்கு ரோஷம் கிடையாது. அந்தப் பொண்ணு வேலைக்குச் சேந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது. சாரு கைய நல்லா சூடு பறக்கத் தேய்க்கச் சொல்லி, அப்புறம்தான் வச்சுப் பாத்துச்சு. கதவோரமா நின்னு நானே பாத்தேன்.

ஆமாம்மா, சில்லிட்டுப் போச்சுன்னது நான் அடிச்சு விட்டதுதான்.

கிளினிக் வந்தாச்சு. இருங்க, இறங்காதீங்க, ஒரு நிமிஷம். சாருக்குப் பயந்து கமுக்கமா இருந்துடலாம்னுதான் பாத்தேன், மனசு கேக்கல. டாக்டர் வேற, இப்படியே போனா சாருக்கு ஆயுசு பூரா மாத்திரைதான்னுட்டாரு. அண்ணான்னு கூப்பிட்ட பொண்ணுக்கு வேலையும் போகணுமா? மெஷின் சாரையும் சரியாத்தான் சொல்லுச்சு, என்னையும் சரியாத்தான் சொல்லுச்சு.

முறைக்காதீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். வியாழக்கிழமை கேரட்ல மட்டும் எலுமிச்சம்பழம் கொஞ்சம் தூக்கலாப் போயிடுது. மத்தபடி, இந்த ஆறு மாசத்துல உங்க கைமணத்துக்கு ஒரு குறை சொல்ல முடியாதும்மா.