இல்லையென்று சொல்ல வராதவன்

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. கிளம்புகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தக்கூட வராது. என் மனைவிதான் கத்துவாள். "இவரப் போயி எவன் போலீஸ்ல சேத்தான்?" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஸ்டேஷனில் எனக்கு வாத்தியார் என்று பட்டப்பெயர். விசாரணையில் நான் யார் மீதும் கை ஓங்கியதில்லை. முதலில் நாற்காலி, அப்புறம் டீ, அதற்கப்புறம்தான் கேள்வி. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பார்த்த வழக்குகளையெல்லாம் புத்தகமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் நிறைய வர வேண்டுமாம். மற்ற அத்தியாயங்களில் வரும். இதில் பெரும்பாலும் டீதான்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர், மனைவியை இழந்து தனியாக இருந்தவர், தன் வீட்டுச் சமையலறையில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். கனமான இரும்பால் அடித்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். முந்தின நாள் அதே சமையலறையில் குழாய் மாட்டிவிட்டுப் போயிருந்தான் ஒரு பிளம்பர். அவனைக் கூட்டி வந்தோம். ஒல்லியான ஆள். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் எங்கள் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, வாஷர் போயிருக்கிறது, மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். மாற்றியும் கொடுத்தான். நல்லவன்.

இறந்தவருக்கு ஓர் அக்கா மகன் இருந்தான். அவனை விசாரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். விசாரித்தேன். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, பட்டனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். டீயை எடுக்கக் கை நீட்டியபோது மணிக்கட்டில் நகக்கீறல் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று காலையில்தான் மேலதிகாரி போன் போட்டு, பையன் மாமாவைப் பறிகொடுத்து நொந்து போயிருக்கிறான், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சொன்னார். நான் மாதச் சம்பளக்காரன். மேலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்கப்புறம் என் கையில் என்ன இருக்கிறது? வெளியே கடைக்காரர்கள் எல்லாம் கடையை அடைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு யாராவது ஒருவன் வேண்டும்.

பிளம்பரிடம் முதலில் எனக்கு ஒன்றும் பெயரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால், "குழாய மாட்டுனேன், வந்துட்டேன் சார்" என்பான். யார் செய்திருப்பார்கள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். வழி காட்டியது அவன் மனைவி.

ஸ்டேஷன் வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய சாமான் பை. நான் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னதும் கண் கலங்கிவிட்டாள். அதுவரை அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"சார், அவருக்கு இல்லைன்னு சொல்லவே வராது சார். ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுல கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் சரின்னுட்டு வந்து முழிச்சிக்கிட்டு நிப்பாரு. சின்னப் புள்ளையிலேருந்தே அப்படியாம். நீங்க எதக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டிடுவாரு. கொஞ்சம் பாத்துக் கேளுங்க சார்."

பையையும் என்னிடமே கொடுத்தாள். எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார், நீங்களே பாருங்கள் என்றாள். பார்த்தேன். பெரிய பைப் ரெஞ்ச் ஒன்று இருந்தது. நல்ல கனம்.

அன்று சாயங்காலம் டீ வரவழைத்து, பார்த்துத்தான் கேட்டேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். கூலி விஷயமா அவர் உன்னத் திட்டுனாரு, இல்லப்பா? ஆமாங்க சார். உனக்குக் கோபம் வந்துச்சு. ஆமாங்க. கையில ரெஞ்ச் இருந்துச்சு. ஆமாங்க. ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொள்வான். நான் தலையாட்டினால் அவனுக்கு ஒரு நிம்மதி. நடுவில் ஒரு தடவை மட்டும், "வீட்டுக்குப் போயிடலாம்ல சார்?" என்று கேட்டான். டீ ஆறுகிறது, குடி என்றேன்.

மறுநாள் சாட்சிகளோடு சாக்கடைக் கால்வாய்க்குப் போனோம். ஆயுதத்தை அவனே காட்டித்தர வேண்டும் அல்லவா? நான் முன்னால் நடந்தேன், அவன் பின்னால் வந்தான். பாலத்துக்குக் கீழே நான் நின்ற இடத்தில் அவனும் நின்றான். இங்கேயா என்றேன். ஆமாங்க என்றான். ரெஞ்ச் அங்கே எப்படி வந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது நனைந்து கிடப்பதைப் பார்த்து, "துருப் புடிச்சிடுமே சார்" என்று வருத்தப்பட்டான்.

நீதிபதி அவனிடம், யாரும் மிரட்டாமல் நீயாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். சட்டம் அப்படித்தான் கேட்கச் சொல்கிறது. ஆமாங்க என்றான். ஆயுள் தண்டனை. வாசலில் அவன் மனைவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்கதான் சார் அவர அடிக்காம பாத்துக்கிட்டீங்க" என்றாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு வேளை சாப்பிடவில்லை.

புத்தகத்துக்காக இந்த மாதம் அவனைச் சிறையில் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அங்கே எல்லாக் குழாயும் அவன் பொறுப்புதான். மனைவி செத்துப்போய் வெகுநாளாகிறதாம். கால் வீங்கியிருந்தது, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்றேன், ஆமாங்க என்றான்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. என் மேல் கோபமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்படிக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. முப்பது வருஷம் இதே தொழில் செய்தவனுக்கு ஒரு கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியாதா?

"என்னை மன்னிச்சிட்டே, இல்லப்பா?"

என் முகத்தைப் பார்த்தான். நான் லேசாகத் தலையாட்டினேன்.

"ஆமாங்க சார்."

அன்றிலிருந்து ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. நானாக ஒன்றும் இட்டுக்கட்டி எழுதவில்லை. அவன் வாயாலேயே சொன்னான், யாரும் அவனை வற்புறுத்தவில்லை.