தூரக்கரை ஆறாம் எபிசோடும் பதினோரு அழைப்புகளும்

என் பெயர் பரமேஸ்வரன், வயது 43, தகப்பனார் பெயர் உச்சிமாகாளி. தென்காசி மேல முத்தாரம்மன் கோவில் தெருவில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். அதே தெரு முக்கில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுமான கடையைப் பதினான்கு வருடமாக நடத்தி வருகிறேன். என் மீது இதுவரை எந்த வழக்கும் கிடையாது. கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மருத்துவமனையில் வைத்து என் நெற்றிக் காயம் பற்றி நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அதைத் திருத்திச் சொல்வதற்காக இன்று வியாழக்கிழமை காலை யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, சார்பு ஆய்வாளர் ஐயா முன்னிலையில் இதைச் சொல்லுகிறேன்.

'தூரக்கரை' என்பது கைப்பேசியிலும் டிவியிலும் வாரம் ஒன்றாக வெளிவரும் தமிழ் விண்வெளித் தொடர். ஐயா அதை "நாடகம்" என்று எழுதப் போனார். நாடகம் அல்ல, அறிவியல் புனைவுத் தொடர் என்று நான் சொன்னேன். "இந்த நெலமையிலயும் ஒமக்கு அதுதானா வேய் முக்கியம்?" என்று ஐயா கேட்டார். என் குணம் அப்படித்தான் என்பதால் அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அந்தத் தொடருக்குத் தென்காசி வட்டாரத்தில் ஒரு ரசிகர் வாட்ஸாப் குழு இருக்கிறது. அதை ஆரம்பித்து நடத்தி வருபவன் நான். குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் சிலர் மாதம் ஒரு ஞாயிறு ஓரிடத்தில் கூடி, புது எபிசோடைச் சேர்ந்து பார்த்து, அதைப் பற்றி வாதாடி, கடைசியில் கை தூக்கி ஓட்டெடுப்பது வழக்கம்.

கூட்டத்தில் ஒரு விதி உண்டு. போன வருடம் ஒருவன் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவை ஸ்டேட்டஸில் போட்டு, ஊரெல்லாம் எங்களைத் திட்டியது. அதிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியை அணைத்து ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டுவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடியும்வரை சட்டி திறக்கப்படாது. சட்டி என் பொறுப்பு. விதியைப் போட்டவனும் நான்தான். அதை ஒருநாளும் நான் தளர்த்தியதில்லை என்று பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். "நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு காலுதான்" என்று என் மனைவி சொல்லுவாள்.

இந்த முறை சீசன் நேரம் என்பதால் குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் ஒரு காட்டேஜ் அறையைப் பகலுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தோம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் வந்தோம். அதில் ஒருவன் ஆய்க்குடியைச் சேர்ந்த இசக்கிமணி, வயது 24. அவன் காவலர் வேலைக்குத் தேர்வாகி, நடத்தைச் சரிபார்ப்பு மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை என் கடையில் நான்தான் நிரப்பினேன். உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று குறித்ததும் நான்தான். ஆகவே ஒரு வழக்கு விழுந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

இசக்கிமணி தன் அப்பா சொரிமுத்துவையும் அம்மா சங்கரம்மாளையும் காரில் கூட்டிவந்து ஐந்தருவியில் குளிக்க விட்டுவிட்டு, பத்தேகால் மணிக்கு அறைக்கு வந்தான். வாசலில் வைத்துக் கைப்பேசியை என்னிடம் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, அப்பாவும் அம்மையும் அருவியில நிக்காவ. எனக்கு மட்டும் ஆன்லயே இருக்கட்டும். கூப்பிட்டா சொல்லுதியளா?" என்று கேட்டான். மற்றவர்கள் உள்ளே திரை கட்டிக்கொண்டிருந்ததால் இதை யாரும் கேட்கவில்லை. "சொல்லுதேம்லே, போ" என்றேன். அதன் பிறகு ஒலியை அணைத்து அதிர்வில் வைத்து, மற்ற கைப்பேசிகளுக்கு மேலே அதைப் போட்டு மூடினேன். அது அதிர்ந்தால் பாத்திரம் கடகடவென்று சத்தம் போட்டு, விதி மீறியது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று சட்டியைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தச் சட்டியில் உயிரோடு இருந்த கைப்பேசி அது ஒன்றுதான் என்பது எனக்கும் இசக்கிமணிக்கும் மட்டுமே தெரியும்.

பத்தரைக்கு எபிசோடு ஆரம்பித்து பதினொன்றரைக்கு முடிந்தது. அதன் விவரம் வழக்குக்குத் தேவை என்பதால் சொல்லுகிறேன். கப்பலின் பின்பக்கம் தீப்பிடித்துவிடுகிறது. கோவர்த்தன் என்ற மெக்கானிக் நடைபாதையில் ஓடி வந்துகொண்டிருக்கிறான். அவன் வந்து சேர இன்னும் நாற்பது விநாடி ஆகும். மற்ற முப்பத்தோரு பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேப்டன் நாச்சியார் கதவை மூடிவிடுகிறாள். அவன் வெளியே நின்று கதவைத் தட்டுகிறான். தீ அந்தக் கதவுக்கு வந்து சேர இரண்டு நிமிடம் ஆனது என்பதைக் கடைசியில் பார்க்கிற நமக்கு மட்டும் காட்டுகிறார்கள். அதாவது காத்திருந்திருக்கலாம். இதை வைத்துத்தான் நாலு நாளாக நாடு முழுவதும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

கேப்டன் செய்தது சரி என்பது என் கட்சி. விதி என்று ஒன்று இருந்தால் அது ஆள் பார்த்து வளையக்கூடாது என்று பேசினேன். இசக்கிமணி எதிர்க்கட்சி. அவன் பேச எழுந்தால் கை ரெண்டும் ஆடும். "ஓடி வாரவன் கண்ணுக்குத் தெரியுதுல்லா அண்ணாச்சி? தெரிஞ்ச பொறவு எப்படி மூடுவிய? தட்டுத சத்தம் கேட்டுக்கிட்டு எப்படி நிப்பிய?" என்று கேட்டான். நான் அவனைப் போலீஸ் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வாதம் ஏறிக்கொண்டே போய், என் பக்கம் நான்கு பேர், அவன் பக்கம் நான்கு பேர் என்று நின்றது. மீதி இருந்தது ரூபி என்ற பெண் மட்டும். அவர் தென்காசியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். அவர் அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னார். ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிப் போட்டோம். வெளியே சாரல் வலுத்துத் தகரக் கூரை மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. என் மடியில் சட்டி அதிர்ந்தது. இதுதான் நான் ஞாயிற்றுக்கிழமை சொல்லாதது. எல்லாக் கைப்பேசியும் அணைத்திருந்தது, எனக்கு எதுவும் தெரியாது என்று அன்று சொன்னேன். அது பொய். முதல் தடவை அதிர்ந்தபோதே தெரியும். தொடையில் நன்றாகத் தெரிந்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. நாலாவது தடவை துண்டுக்குள் கையை விட்டு மூடியைச் சற்றுத் திறந்து பார்த்தேன். 'அப்பா' என்று வந்தது.

அதன் பிறகு மூடியை அழுத்தி மூடினேன்.

ஏன் என்று ஐயா கேட்டார். துவட்டத் துண்டு கேட்பார்கள், பஜ்ஜி வாங்கப் பணம் கேட்பார்கள், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. இசக்கிமணியிடம் சொன்னால் அவன் எழுந்து போவான், கூட்டம் கலையும், ரூபி ஓட்டுப் போடாமல் போய்விடுவார், நாலுக்கு நாலு என்று நின்றுவிடும். நான் ஜெயிக்க வேண்டும், அதை அவன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மீதிப் பாதி இதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை அதிர்ந்தது என்று நான் எண்ணவில்லை. மொத்தம் பதினொன்று என்று பின்னால் இசக்கிமணி தன் கைப்பேசியைக் காட்டியபோது தெரிந்துகொண்டேன். முதலாவது 12.06, கடைசி 12.41.

பன்னிரண்டே முக்கால் சுமாருக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ரூபி போய்த் திறந்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பாண்டிராஜ் என்பவர் மேலெல்லாம் எண்ணெயும் மழைத்தண்ணியுமாக நின்றார். "இங்கன இசக்கிமணி யாரு? ஒங்க அப்பாவுக்கு வாய் கோணிட்டு, கை வெளங்கல. ஒங்க அம்மை எம்புட்டு நேரமா போன் போடுதா, எடுக்க மாட்டியாலே? மகன் இந்தா பக்கத்துல இருக்கான், காரு இருக்குன்னே சொல்லிக்கிட்டு நின்னுட்டா. இப்பந்தான் ஒரு ஆட்டோவ மறிச்சு ஏத்தி விட்டுட்டு வாரேன்" என்று சொன்னார். கார் சாவி இசக்கிமணியின் சட்டைப்பையில் இருந்தது.

இசக்கிமணி என்னிடம் வந்து, "சட்டியத் தாங்க அண்ணாச்சி" என்று கை நீட்டினான். நான் கொடுத்திருக்க வேண்டும். திறந்தால் அத்தனை அழைப்பும் தெரியுமே என்ற பயத்தில் எனக்குக் கை வரவில்லை. அவன் பிடித்து இழுத்தான். நானும் விடாமல் பிடித்துக்கொண்டேன். "அப்பாவுக்கு முடியலயாம் அண்ணாச்சி, விடுங்க" என்று கத்தினான். அப்போதும் நான் விடவில்லை. அந்த இழுபறியில் மூடி கழன்று விழுந்தது, அவன் உள்ளே கையை விட்டுத் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சட்டியை விட்டுவிட்டான். நான் என் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த வேகத்தில் சட்டியின் விளிம்பு என் நெற்றியில் வந்து அடித்தது. என் இழுப்பில் எனக்கே பட்ட அடி அது. இசக்கிமணி என்னை அடிக்கவில்லை, தள்ளவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவன் ஓடியே போய்விட்டான்.

அதன் பிறகு என்னை ஒரு பைக்கில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஐந்து தையல் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று விசாரிக்க வந்த காவலரிடம், தகராறில் இசக்கிமணி தூக்குச்சட்டியால் அடித்துவிட்டான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அடிபட்டவன் நான் என்று ஆகிவிட்டால் கைப்பேசியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணினேன். வேறு யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை சொரிமுத்து அண்ணாச்சியைப் பார்க்க வார்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன். அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. நான் நின்ற நேரத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தார்கள். அவர் பேனாவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். வந்தவர் அவருடைய இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாகச் சங்கரம்மாள் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, "ஒங்க நெத்தியில என்னய்யா கட்டு? பாத்து இருக்கப்படாதா?" என்று என்னைக் கேட்டார். இசக்கிமணி அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் மீது புகார் இருப்பதையும் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது இசக்கிமணி படி வரைக்கும் கூட வந்தான். மூன்று நாளாகத் தூங்காத முகம். "அண்ணாச்சி, போன் அடிச்சது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நான், "தெரியாதுலே, மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று சொன்னேன். "சரி அண்ணாச்சி. நாந்தான் கையில வச்சிருந்திருக்கணும்" என்றான். அவன் என்னை நம்பிவிட்டான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க என்னால் ஆகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்து பார்த்தேன். கேப்டன் சரியா தப்பா என்று அறுநூறு செய்திகளுக்கு மேல் கிடந்தன. சொரிமுத்து அண்ணாச்சியைப் பற்றி இரண்டே பேர் கேட்டிருந்தார்கள், அதற்கு யாரும் பதில் போடவில்லை. இசக்கிமணி குழுவை விட்டு வெளியேறியிருந்தான். ரூபி தன் ஓட்டைப் பதிவு செய்திருந்தார். காத்திருந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தார். ஐந்துக்கு நாலு. இதற்காகவா என்று எனக்கே வாய்விட்டு வந்தது. மறுநாள் புதன்கிழமை முழுவதும் கடையைத் திறக்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இன்று காலையில் நான் நிலையத்துக்குக் கிளம்பச் சட்டையை எடுத்து வைத்தாள்.

இப்படிச் சொன்னால் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக என் மீதே நடவடிக்கை வரும் என்று ஐயா எடுத்துச் சொன்னார். "யோசிச்சுத்தான் சொல்லுதீரா? பொறவு மாத்த முடியாது, பாத்துக்கிடும்" என்றார். யோசித்துத்தான் சொல்லுகிறேன். இசக்கிமணியின் பெயரில் எந்த வழக்கும் பதியக்கூடாது, பதிந்திருந்தால் அது என் பொய்யால் வந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவனுடைய சரிபார்ப்புத் தாளில் இல்லை என்று நான் குறித்தது இல்லை என்றே இருக்க வேண்டும். இந்த வாக்குமூலத்தை அவனுக்கும் ஒருமுறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

சொன்னபடி எழுதியதை ஐயா எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கேட்டால், வலது கையால்தான் போட்டேன்.

(ஒப்பம்) உ. பரமேஸ்வரன்