இரண்டு வரி ஆள்

ஐயா மேஜையில் டீ ஆறிக் கிடந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார். ஐயா ஆறிய டீதான் குடிப்பார். பதினேழு வருஷம் அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் நான். அவர் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி.

அவருடைய ஏழு பாக மாயக்கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். மூன்றாம் பாகத்தில் ஒரு படகுக்காரன் வருவான். இளவரசனை அக்கரை சேர்ப்பான். பெயர் கேட்டால் சிரிப்பான். மொத்தமே இரண்டு வரி. என் வீட்டுக்கு வருவார் போவார் கிடையாது. சாப்பிடும்போது அவனோடுதான் பேசுவேன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் ஐயா துணைப் பாத்திரங்களுக்குத் தனித்தனிக் கதை எழுத ஆரம்பித்தார். அரண்மனைச் சமையற்காரிக்கு ஒன்று, வாயிற்காவலனுக்கு ஒன்று. படகுக்காரன் முறை வந்தபோது சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயாவோ அவனை ஆற்றில் மூழ்கடித்துவிட்டார்.

ஐயாவுக்குக் கண் தெரியாது. அடித்ததை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அன்று அவர் சொன்னபடியே வாசித்தேன். ஆனால் காகிதத்தில் அவனைக் கரை சேர்த்திருந்தேன். தப்புதான். பதிப்பகத்திலிருந்து வந்த அச்சுப்படியை அவர் மகள் வாசித்ததும் குட்டு உடைந்தது.

ஐயா கோபப்படவில்லை. சிரித்தார்.

"ஏம்மா, அவன் ரெண்டு வரி ஆளு. செத்தா யாரு அழப்போறா? நாளைக்கு என் பொண்ணு எழுதட்டும், அவன் கதைய முடிச்சிடுவோம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் புத்தகங்களின் நன்றிப் பக்கத்தில் நான் 'தட்டச்சு உதவியாளர்'. இரண்டு வரிகூட இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு மகள் கடைக்குப் போயிருந்தாள். ஐயாவுக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலர் எப்போதும் மேஜையின் வலது மூலையில் இருக்கும். கையால் துழாவினார். "எங்கம்மா அது?" என்றார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். படகுக்காரன் மூச்சுக்குத் திணறுவதை அவர் விவரித்திருந்தாரே, அப்படியேதான் இருந்தது. கெட்டிக்கார எழுத்தாளர்.

எல்லாம் அடங்கியபின் இன்ஹேலரை அதன் இடத்திலேயே வைத்தேன்.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் போடாதீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். இன்று காலை அவனிடமும் விஷயத்தைச் சொன்னேன். இனி பயமில்லை, உன் பெயரையாவது சொல்லு என்றேன்.

சிரிக்கிறான், சார். வேறொன்றும் சொல்லமாட்டேன் என்கிறான்.