ஏசி போட்டா மட்டும் சுத்துற ஃபேன்

அட நில்லுங்க டீச்சர், மாடிக்கு அப்புறம் போகலாம். இங்கிட்டு நெழலுக்கு வாங்க. இன்னிக்கு சனிக்கெழமைதானே, ஸ்கூல் லீவுதானே? அஞ்சே நிமிசம். காருக்குள்ள ஒரு ஆளு வேணும், முன்னாடி இன்ஜின் ஃபேன்கிட்ட ஒரு ஆளு வேணும். நான் ஒருத்தி எத்தனை பக்கம் நிக்கிறது?

எங்க வீட்டுக்காரரா? முடி வெட்டப் போயிருக்காரு. இப்பல்லாம் பத்து நாளைக்கு ஒருக்கா வெட்டியாகணும் அவருக்கு.

இந்த வண்டி இருக்கு பாருங்க, என்னைய ஏத்துனாத்தான் சூடாவும். வல்லத்திராக்கோட்டைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறப்ப ரெண்டு தடவ. ஒருதடவ ரயில்வே கேட்டுல, ஒருதடவ திருவிழாக் கூட்டத்துல. நின்னாப் போதும், சூடு காட்டுற முள்ளு மேல ஏறி ஆவி கெளம்பிடும். எல்லார் முன்னாடியும் அவரு சொல்றாரு, ஒன் ராசி அப்படி புவனேஸ்வரின்னு. அவரு போனா ஆகாதாம், நான் வாரத்துல செவ்வா, வெள்ளி ரெண்டு நாளு மீமிசல் இறால் பண்ணைக்குத் தீவனம் விக்கப் போறேன், கோட்டைப்பட்டினத்துல மீன் லாரிக்குப் பின்னாடி அரை மணி நேரம் நிக்கிறேன், ஒரு நாளாச்சும் சூடாயிருக்கான்னாரு. நானும் நம்பிட்டேங்க. எலுமிச்சம்பழம் கட்டுனேன். வெள்ளிக்கெழம வெளக்குப் போட்டேன். ஒரு ரேடியேட்டருக்கு.

எங்க தம்பி முத்துராஜ் கோயமுத்தூர்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கானே, அவன்தான் திட்டுனான். ராசியாவது மண்ணாவது, மொதல்ல ஃபேன் சுத்துதான்னு பாருக்கான்னு. காலையிலேருந்து அவன் போன்ல சொல்லச் சொல்லப் பாத்தேன். பேட்டரியிலேருந்து ரெண்டு ஒயரை நேரா ஃபேனுக்குக் குடுத்தேன், விர்ருன்னு சுத்துச்சு. அப்ப மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. ஃப்யூஸும் போகல. கரண்டு விடுற ரிலேன்னு ஒரு சுவிட்சு இருக்காம், ஹாரனோடதைக் கழட்டி இதுல சொருகிப் பாத்தேன், அதுலயும் கோளாறு இல்ல. வண்டியை ஓட விட்டா முள்ளு பாட்டுக்கு ஏறுது, ஃபேன் அசையவே இல்ல. ஏசி போடுக்கான்னான். போட்டதும் சுத்துது. அப்ப சென்சார்தாங்க்கா போச்சு, சூடாச்சுன்னு ஃபேனுக்குச் சொல்ல ஆளு இல்ல, ஏசிக்குத் தனி வழி இருக்குறதால அது போட்டா மட்டும் சுத்துதுன்னான். சின்ன சாமான், மாத்திக்கலாம்னு சொல்லிட்டு போனை வச்சுட்டான்.

நான்தான் அங்கேயே ஒக்காந்து கணக்குப் போட்டேன். நீங்க கணக்கு டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க. என்னைய ஏத்துனா ஏசி கெடையாது. பெட்ரோல் குடிக்கும், கண்ணாடிய எறக்கிக்கம்பாரு. வண்டி வாங்கி ஆறு வருசமாச்சு, அந்தக் காத்து எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். தனியாப் போனாலும் போட மாட்டாரு, மூக்கடைச்சுக்கும் அவருக்கு. அப்ப பங்குனி வெயில்ல அரை மணி நேரம் நின்னும் சூடாகலைன்னா ஏசி ஓடியிருக்கு. யாருக்கு ஓடுச்சு?

ஆமாங்க, பொறாமைதான். அதுக்கு வேற பேரு வச்சு என்ன ஆகப் போகுது? ஒருத்தி என் வண்டியில வேர்க்காம ஒக்காந்து போறாளேன்னு வயிறு எரியுது. மத்ததெல்லாம் அப்புறங்க. அவ கேக்காமயே போட்டுவிட்டிருப்பாருல்ல? நான் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சு விட்டுட்டேன். அவளுக்குக் குளுரக் குளுரக் காத்து, எனக்கு ராசி கெட்டவன்னு பேரு.

நீங்களும் பாவம், தெனம் மீமிசலுக்கு பஸ்ஸுலதானே போயிட்டு வாரீங்க? செவ்வா, வெள்ளி கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே. அப்படியா. சீட்டு கெடைச்சுடுதா. நல்லதுதான்.

சரி, ஏறுங்க செல்வராணி டீச்சர். டிரைவர் பக்கம் வேணாம், இடது பக்கமே ஏறிக்கங்க. இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னொருக்கா பாத்துட்டா தம்பிக்கு உறுதியாச் சொல்லிடுவேன். முள்ளு எங்க நிக்கிது? பாதியத் தாண்டிடுச்சா? இங்க ஃபேன் அசையல. சரி, இப்ப ஏசியப் போடுங்க.

சுத்துது. நல்லாவே சுத்துது டீச்சர். அணைக்காதீங்க, இருக்கட்டும்.

பானெட்டைத் தூக்குனா கண்ணாடிக்குக் கீழ சின்னதா ஒரு சந்து தெரியுங்க. அது வழியா ஒங்க கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பட்டன்ல எழுத்தெல்லாம் தேஞ்சு கெடக்கு. வெறுமன அமுக்குனா வேலையும் செய்யாது. காலையில கால் மணி நேரம் அமுக்கி அமுக்கிப் பாத்து, ஆத்தரத்துல அடியில ஒரு குத்து விட்டப்புறந்தான் எனக்கே காத்து வந்துச்சு. நீங்க அமுக்குனீங்க, அடியில ரெண்டு வெரலால லேசாத் தட்டுனீங்க, ஒடனே வந்துருச்சு.

நான் ஏசியப் போடுங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். தட்டணும்னு சொல்லலையே டீச்சர்.