மட்டை வீசாமல் வென்ற பிள்ளை

தலைமை ஏற்றுச் சிறப்பிக்கும் கழகத் தலைவர் அவர்களே! மேசைமேல் இருக்கும் கோப்பைகளைக் காட்டிலும் பளபளப்பாக அமர்ந்திருக்கும் செயற்குழுப் பெருமக்களே! வெயிலில் நின்று நியாயம் சொல்லி, இரண்டு தரப்பிலும் ஏச்சு வாங்கி, வாய் திறக்காமல் வீடு திரும்பும் நடுவர்களே! முட்டியில் ஒட்டிய மண்ணையும் காற்சட்டையில் ஏறிய புல்கறையையும் வாரந்தோறும் கழுவிக் கழுவிக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே! வண்டியை நிறுத்த இடம் தேடியே பாதி ஆட்டத்தைப் பறிகொடுத்த தந்தைமார்களே! இத்தனை பேருக்கும் மேலாக, முதல் இரண்டு வரிசையில் தரை எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் முப்பத்தொரு ஆட்டக்காரர்களே! உங்கள் அனைவரையும் வணங்கித்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். "வெற்றியின் ரகசியம்" என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவி ஐந்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தெரிகிறது அம்மா, தெரிகிறது. வீட்டில்தான் பேச முடிவதில்லை, இங்கேயாவது விடு.

சிரியுங்கள். இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நான் இன்று கோபத்தோடு வந்திருக்கிறேன். வெற்றியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள் அல்லவா? பேசுகிறேன். நான் வெட்கப்படும் ஒரு வெற்றியைப் பற்றிப் பேசுகிறேன்.

தொழிலால் நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாரத்தில் ஐந்து நாள் இருட்டுக் குழிக்குள் இறங்கி, இரும்பு வடத்துக்கு கிரீஸ் தடவுகிறவன். சனிக்கிழமை காலையில் மட்டும் வெளிச்சத்துக்கு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள மைதானத்தில், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லித் தருகிறவன். ஏழு ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் எப்படிச் சொல்லித் தந்தேன் தெரியுமா? பிள்ளைகளையும் லிஃப்ட் என்றே நினைத்துச் சொல்லித் தந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் ஏற வேண்டும், இன்னொரு பட்டனை அழுத்தினால் நிற்க வேண்டும், நடுவில் எங்கேயும் சத்தம் வரக்கூடாது.

ஒரே வரிசை, ஒரே மட்டை. முன்னால் நிற்கிற பிள்ளை அடிக்கும். பின்னால் நிற்கிற பதின்மூன்று பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். பேசினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். பந்தைத் தவறவிட்டால் இரண்டு சுற்று. சிரித்தால் மூன்று சுற்று. கேட்டீர்களா? சிரித்தால் மூன்று சுற்று! விளையாட வந்த பிள்ளை சிரித்துவிட்டதற்காகத் தண்டனை கொடுத்த உத்தமன் உங்கள் முன்னால் நிற்கிறேன். அதற்காகத்தான் அந்த நாளில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

அந்த நான்காம் ஆண்டில் என் அணியில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். எட்டு வயது. தலைக்கவசம் போட்டால் கவசம் மட்டும் நிற்கும், உள்ளே தலை சுற்றும், அவ்வளவு சிறிசு. பிள்ளைகள் அவளுக்குப் "பொத்தான்" என்று பெயர் வைத்திருந்தார்கள். தந்தை தொலைதூர லாரி ஓட்டுபவர், மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்தாலே அதிகம். தாய் முச்சந்தி பேக்கரியில் மாவு பிசைபவர். சனிக்கிழமையானால் முழங்கை வரை மாவோடு வேலையிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்து வேலியோரம் உட்காருவார்.

பொத்தானுக்குப் பந்து அடிக்க வராது. வராது என்றால் சுத்தமாக வராது. பந்து போன பிறகு மட்டை வரும். மட்டை போன பிறகு பந்து வரும். ஆனால் ஒவ்வொரு முறை தவறவிடும்போதும் உடம்பு மொத்தமும் குலுங்கச் சிரிப்பாள். நான் விடுவேனா? மூன்று சுற்று, மூன்று சுற்று, மூன்று சுற்று. பருவம் பாதி போவதற்குள் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்று நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "பிள்ளை திருந்திவிட்டது" என்று நினைத்தேன்.

வீட்டில் துடைப்பக் கட்டையை மட்டையாக்கி வீசிப் பழகியிருக்கிறாள். சமையலறையில் ஒரு குழல்விளக்கு போயே போய்விட்டது. எனக்குத் தெரியாது. நான் எங்கே கேட்டேன்? ஆறு ஆட்டங்களிலும் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஏழாவது ஆட்டம் இறுதிப் போட்டி. ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது பேரே மிஞ்சியதால், வேறு வழியில்லாமல் அவளை இறக்க வேண்டியதாயிற்று.

கடைசிச் சுற்று. இரண்டு அணியும் சமம். மூன்று தளங்களிலும் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டம் வந்தால் கோப்பை நமக்கு. மட்டை பிடிக்கும் முறை பொத்தானுக்கு. இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எறிகிறவர் நான்கு பந்துகளைக் கோணலாக எறிந்துவிட்டால், மட்டைக்காரர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். தளங்கள் நிறைந்திருந்தால், மூன்றாம் தளத்துப் பிள்ளை நடந்தே புறப்பட்ட இடத்துக்கு வந்து ஓட்டம் எடுத்துவிடும். எதிரணியில் பந்தெறிந்த பையனுக்கு ஒன்பது வயது, அதுவரை எறிந்ததில் பாதி கோணல். நான் கணக்குப் போட்டேன். அவளைக் கூப்பிட்டுக் குனிந்து காதில் சொன்னேன்.

"மட்டைய வீசாத. சும்மா நில்லு போதும்."

"பந்து நேரா வந்தா, சார்?"

"நேரா வந்தாலும் வீசாத."

முதல் பந்து கோணல். இரண்டாவது பந்து நேராக வந்தது, பெரியோர்களே. மெதுவாக, மிதந்து, மார்புக்கு நேரே, இந்தக் குழந்தைக்காகவே எறிந்த பந்து போல வந்தது. அவள் முழங்கை உயர்ந்தது. நான் பெஞ்சிலிருந்து "அசையாத" என்று கத்தினேன். முழங்கை இறங்கிவிட்டது. அப்புறம் வந்த மூன்றும் கோணல். எறிந்த பையன் அழுதுகொண்டே எறிந்தான்; அவனைப் பெற்றவர் வேலிக்கு வெளியே நின்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். கோப்பையைத் தலைக்கு மேல் பிடித்தேன். முதல் தளத்தில் மட்டையைக் கீழே போடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்த பிள்ளையின் கையிலிருந்து, யாரோ ஒருவர் போய் அதை வாங்கி வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பொத்தான் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் நான் பேக்கரிக்குப் போனேன். கோப்பையை அணிக்கு வாங்கித் தந்த பிள்ளை ஆயிற்றே, ஏன் வரவில்லை என்று உரிமையோடு கேட்டேன். தாய் மேசையில் ஒட்டிய மாவைத் தகட்டால் சுரண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அன்று பேருந்தில் போகும்போது மகள் கேட்டாளாம், "அம்மா, நான் இன்னைக்கு வெளையாடினேனா?" என்று. நீதானே கண்ணு ஜெயிச்சுக் கொடுத்தே என்றாராம் இவர். இல்லை, நான் சும்மா நின்றேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

அப்போதுதான் அந்தத் தாய் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ வீச விட்டிருக்கலாம் சார். அடிச்சிருக்க மாட்டா. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உங்க பயிற்சில ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவதான் பந்தத் தொடுறா. நான் வேலியோரமா உக்காந்து எண்ணியிருக்கேன். அந்த நாலு தடவைக்காகத்தான் வாரம் பூரா காத்துக் கெடந்தா."

அவையோரே, இந்தத் தொழிலில் எத்தனையோ உயரத்திலிருந்து கீழே பார்த்திருக்கிறேன். தலை சுற்றியதில்லை. அன்று அந்தப் பேக்கரித் தரையில் நின்றபடியே எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். நாலு வருஷமா இதத்தான் நானும் சொல்றேன், உங்க காதுல ஏறுச்சா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாருங்கள், இப்போது தலையாட்டுகிறாள்.

அடுத்த சனிக்கிழமை வரிசையைக் கலைத்தேன். மைதானத்தின் நான்கு மூலையில் நான்கு விளையாட்டு. கடினப் பந்துக்குப் பதிலாக மென்பந்து. பலூனில் தண்ணீர் நிரப்பி எறிந்தோம்; பிடித்தால் கெட்டிக்காரன், பிடிக்காவிட்டால் குளியல். எல்லோரும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும். பெஞ்சில் யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. தண்டனைச் சுற்று உண்டா என்று கேட்டார்கள் பிள்ளைகள். உண்டு என்றேன், யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். கத்துகிற பெரியவர்களுக்கு என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு நான் நாற்பத்தொரு சுற்று ஓடினேன். சுற்று ஏற ஏற என் இடுப்புச் சுற்று இறங்கிற்று.

வேலியோரம் நின்று மகனை ஓயாமல் விரட்டுகிற வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். கையில் எப்போதும் கடிகாரம். அதனால் அவருக்கு "ஸ்டாப்வாட்ச்" என்று பெயர். அவரை உள்ளே அழைத்து மட்டையைக் கொடுத்து, பத்துப் பந்து அடியுங்கள் ஐயா என்றேன். பத்தையும் விட்டார். பத்தாவது பந்து போனதும் அவர் மகன் பக்கத்தில் போய், "பரவால்லப்பா, பந்த மட்டும் பாருங்க, என்னப் பாக்காதீங்க" என்று மெல்லச் சொன்னான். அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இன்று நம் அணிக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பவர் அவர்தான். எழுந்திருக்க வேண்டாம் ஐயா, யார் என்று நான் காட்டிக் கொடுக்கவில்லை.

பொத்தானிடம் மன்னிப்புக் கேட்க மறுபடி பேக்கரிக்குப் போனேன். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் பெரிய நீதிபதி போலக் கேட்டாள். இனி வீசலாமா என்றாள். எல்லாப் பந்துக்கும் வீசலாம் என்றேன். கோணலாக வந்தாலுமா என்றாள். கோணலாக வந்தாலும் என்றேன். நோட்டை மூடிவிட்டாள்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம். மூன்று பந்துக்கும் வீசினாள், மூன்றையும் விட்டாள். மூன்றாவதை வீசிய வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் உட்கார்ந்தாள். கவசம் கண்ணை மூடிவிட்டது. கவசத்துக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. ஒன்பது ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். அன்று மைதானத்தில் அழுதவன் நான் ஒருவன்தான். அந்த ஆண்டு அவள் ஒரே ஒரு முறை பந்தை அடித்தாள். அது எறிந்தவன் காலடிக்கே உருண்டு போயிற்று. முதல் தளம் சேர்வதற்குள் ஆட்டமிழந்தாள். அதைப் பற்றிக் கவலைப்படாமல் தளத்தையும் தாண்டி ஓடினாள், வேலி வரைக்கும், மாவுக் கைகள் விரிந்து நின்ற இடம் வரைக்கும். இப்போது மூத்தவர் அணியில் இருக்கிறாள். அங்கேயும் அடிப்பதைவிட விடுவதே அதிகம். மூன்று ஆண்டில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. பதினான்கு பிள்ளைகள் இருந்த என் அணியில் இன்று முப்பத்தொரு பிள்ளைகள்.

கைதட்ட வேண்டாம். இனிமேல்தான் கேட்க வேண்டியது இருக்கிறது.

இன்று காலை என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். செயற்குழுவின் தீர்மானம். அடுத்த பருவம் முதல் பத்து வயதுக்கு உட்பட்டோருக்குத் தேர்வு வைப்பார்களாம். மதிப்பெண் போடுவார்களாம். முதல் பன்னிரண்டு பேர் அணியில் இருப்பார்களாம். மீதிப் பத்தொன்பது பேர் "தகுதி பெறும் வரை காத்திருப்போர்" பட்டியலில் இருப்பார்களாம். காத்திருப்போர்! ஏழு வயதுக் குழந்தை எதற்காகக் காத்திருக்க வேண்டும்? எட்டு வயது ஆவதற்கா? ஓடுவதற்குத் தகுதி வேண்டுமா? விழுவதற்குத் தகுதி வேண்டுமா? வியர்ப்பதற்கும் விளையாடுவதற்கும் விண்ணப்பம் போட வேண்டுமா?

காரணம் கேட்டேன். மூன்று ஆண்டுகளாகக் கோப்பை வரவில்லை என்றார்கள். உண்மைதானே என்று அங்கே பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. அலுவலக அலமாரியில் இடம் காலியாகக் கிடக்கிறதாம். கிடக்கட்டுமே! அலமாரிக்கு வலிக்குமா? காலி அலமாரி என்றைக்காவது பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறதா? பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பித்தளையை அலமாரியில் உட்கார வைப்பதற்குத்தானா கழகம்? பந்தைப் பார்க்க வேண்டிய பருவத்தில் பட்டியலைப் பார்க்க வைப்பதற்குத்தானா பயிற்சி? நான் ஒருவன் செய்த பாவத்துக்கே இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. அதையே விதியாக்கி, முத்திரை குத்தி, சுவரில் ஒட்டப் போகிறீர்களா?

தலைவர் அவர்களே, உங்கள்மேல் எனக்குப் பகையில்லை. நீங்கள் மைதானத்துக்கு வராதவர், அதனால்தான் இந்தத் தாளில் கையெழுத்துப் போட முடிந்திருக்கிறது. தீர்மானத்தை நிறைவேற்ற உங்களுக்கு அதிகாரம் உண்டு. நிறைவேற்றினால் நான் குறுக்கே விழ மாட்டேன். பன்னிரண்டு பேருக்கும் நல்ல பயிற்சியாளராகப் பார்த்துப் போடுங்கள். சீருடையும் கோப்பையும் கழகத்தின் பெயரும் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிற பத்தொன்பது பேரையும் எனக்குக் கொடுங்கள். அவர்களுக்கு நான் பயிற்சியாளன். மைதானத்தைப் பூட்டினால் லிஃப்ட் கிடங்குக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது; முதலாளியிடம் கேட்டுவிட்டேன். கல் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொறுக்கத் தொடங்குகிறேன்.

என்ன இது... ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பிள்ளைகளே, கூட்டம் இன்னும் முடியவில்லை, உட்காருங்கள். அட, தாய்மார்களும் எழுந்துவிட்டீர்கள். ஸ்டாப்வாட்ச் ஐயா, நீங்களுமா? தலைவர் அவர்களே, முப்பத்தொரு பேரும் நிற்கிறார்கள். பன்னிரண்டு யார், பத்தொன்பது யார் என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு அழைத்து, அதிக நேரம் பொறுத்துக்கொண்ட அவைக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்ட நல்ல மனிதருக்கும், என் கோபத்தைக் கேட்ட உங்கள் காதுகளுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.