வாசலில் நிற்கும் புரோட்டீன்

எங்கள் தீவின் சாத்தம் ஜெட்டியிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் படகு கிளம்பியதும், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "அவளுக்கு வாசல்ல நிக்கிற புரோட்டீன் கெடச்சிருக்கு. எனக்கு நண்டு."

அவள் சல்வாரில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"யாருக்குடீ?"

"நம்ம கவிதாவுக்குத்தான். ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். அவ மெயின்லேண்டு லேப்ல ஏசில உக்காந்து ரிசர்ச் பண்றா. நான் சுனாமில மூழ்கின அலையாத்திக் காட்டுல ஆராய்ச்சின்னு நண்டு எண்ணுறேன்."

"அது என்ன புரோட்டீன்?"

"செல்லுக்கு சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியா இருக்குல்ல, அதுக்குள்ள கால்சியம் நுழையிற வாசல்ல நிக்கும். கால்சியம் கம்மின்னா அடைச்சு வைக்கும். கூடிருச்சுன்னா உணர்ந்து தொறந்து விடும்."

"வாட்ச்மேன் மாதிரி."

"வாட்ச்மேன் வேலை மட்டும்னா எனக்கு வயிறு எரியாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்பக்கச் சவ்வு மடிப்பு மடிப்பா இருக்கும். அந்த மடிப்பு கலையாமப் பாத்துக்குறதும் அதுதான். அது இல்லேன்னா மடிப்பும் குலையும், சக்தியும் கொறையும்."

"அரே, உனக்கு எப்படி இவ்ளோ தெரியும்?"

"அவ எழுதின கட்டுரையத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எங்கயாவது தப்பு இருக்கான்னு தேடித்தான்."

"கெடச்சுதா?"

படகு பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இடித்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"கெடச்சிருந்தா இன்னைக்கு நிம்மதியா நண்டு எண்ணியிருப்பேனே."